எம்.எஸ்.டபிள்யூ. சேரலாமா? அப்பா பி.எட். போகச் சொல்கிறார்

தேன்சிட்டு (மே 18, இரவு 9.10)

வணக்கம். எனக்கு விருதுநகர் பக்கம். பி.எஸ்சி. கணிதம் கடைசி செமஸ்டர் எழுதி முடித்தாயிற்று, ரிசல்ட்தான் வரணும். அடுத்து எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) படிக்க ஆசை.

ஆசை வந்த கதை சின்னது. இரண்டாம் வருடம் என்.எஸ்.எஸ். முகாமில் ஒரு பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை மனு எழுதிக் கொடுத்தேன். மனு எழுதியதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஊரில் களப்பணிக்கு வந்திருந்த ஓர் எம்.எஸ்.டபிள்யூ. அக்காதான் பாட்டியைத் தாலுகா ஆபீசுக்கு மூன்று தடவை கூட்டிப் போனார். ஒரு தடவை நானும் போனேன். அங்கே அவர் கெஞ்சவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. "எந்தத் தாள் குறையுதுன்னு எழுதிக் குடுத்துடுங்க சார், கொண்டு வந்துடுறோம்" என்று மட்டும் சொன்னார். எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த மாதத்துக்கு அடுத்த மாதம் பாட்டிக்குப் பணம் வந்தது.

வீட்டில் சொன்னால் அப்பா, "ஊருக்கு உழைக்க எதுக்கும்மா படிப்பு? நம்ம தெரு டீக்கடைக்காரர் எந்தக் காலேஜ்ல படிச்சாரு? யாருக்கு ஒண்ணுன்னாலும் முதல்ல ஓடுறது அவருதானே" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பி.எட். விண்ணப்பம் வாங்கி வைத்துவிட்டார்.

கணிதம் படித்தவள் சேரலாமா? எந்த ஸ்பெஷலைசேஷன் எடுப்பது? சம்பளம் நிஜமாகவே எவ்வளவு வரும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மாசொல்றேன் (மே 18, இரவு 9.34)

உங்க அப்பா சொல்வதில் என்ன தப்பு? என் சித்தி மகன் எம்.எஸ்.டபிள்யூ. முடித்து இப்போது கூரியர் கம்பெனியில் இருக்கிறான். பி.எட். என்றால் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதலாம், தனியார் பள்ளியாவது கிடைக்கும், டியூஷன் எடுக்கலாம். கணக்கு டீச்சருக்கு எந்த ஊரிலும் பஞ்சம். சேவை செய்ய ஞாயிற்றுக்கிழமை போதும்.

வார்டு மணி (மே 18, இரவு 11.02)

தங்கச்சி, கணிதம் தடையே இல்லை. பெரும்பாலான கல்லூரிகளில் எந்த இளநிலைப் பட்டமும் போதும். என் வகுப்பில் பி.காம். இருந்தார்கள், விலங்கியல் இருந்தார்கள், தமிழ் இலக்கியம் படித்தவர் ஒருவர் இருந்தார். ரிப்போர்ட் எழுதுவதில் எங்கள் எல்லாரையும் ஓரங்கட்டியது அவர்தான்.

நான் பதினாலு வருடமாக மெடிக்கல் சோஷியல் ஒர்க்கர். அப்பாவின் டீக்கடைக்காரர் கேள்விக்கு என் வார்டிலிருந்தே ஒன்று சொல்கிறேன். (அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன்.)

ஒரு கொத்தனார், நாற்பது வயது இருக்கும். வாரம் மூன்று டயாலிசிஸ். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, கைக்காசு செலவில்லை. ஆனாலும் மாதத்தில் நாலைந்து தடவை வராமல் போவார், அப்புறம் மூச்சுத்திணறலோடு எமர்ஜென்சிக்கு வருவார். கேஸ் ஷீட்டில் "நோயாளி ஒத்துழைப்பதில்லை" என்று எழுதிவிட்டார்கள். டாக்டர் திட்டினார், நர்ஸ் திட்டினார், கூட வந்த மச்சினரும் திட்டினார். அந்த மச்சினர் உங்கள் டீக்கடைக்காரர் மாதிரி ஆள், நல்ல மனுஷர், ஒவ்வொரு தடவையும் ஆட்டோ பிடித்துக் கூட்டி வந்ததே அவர்தான்.

நான் உட்கார்ந்து ஒரு வாரம் என்னென்ன செய்தார் என்று நாள் வாரியாகக் கேட்டேன். விஷயம் வெளியே வந்தது. அவருக்குக் கொடுத்திருந்த நேரம் காலை ஆறு மணி. அவர் ஊரிலிருந்து முதல் பஸ்ஸே ஆறு இருபதுக்கு. வாரத்தில் சில நாள் பால் வண்டியில் தொற்றிக்கொண்டு வருவார், வண்டி வராத நாள் அவரும் வரமாட்டார். "ஏன் சொல்லல?" என்றேன். "யாரும் கேக்கலையே சார்" என்றார். மதிய ஷிப்டுக்கு மாற்றிக் கொடுத்தோம். அவ்வளவுதான் சிகிச்சை.

ஓடிப்போய் உதவுவதற்குப் படிப்பு வேண்டாம், அப்பா சொல்வது சரி. எதைக் கேட்பது, எதை முதலில் கேட்பது, கேட்டதை எங்கே எழுதி யாரிடம் கொண்டு போவது என்பதற்குத்தான் இரண்டு வருடம் நம்மைப் பிழிகிறார்கள்.

வேலைகள் என்று பார்த்தால்: மருத்துவக் கல்லூரிகளில் சமூக மருத்துவத் துறை, புற்றுநோய் மருத்துவமனைகள், வலி தணிப்பு சிகிச்சை மையங்கள், போதை மீட்பு மையங்கள், எச்.ஐ.வி. ஆலோசனை மையங்கள். அப்புறம் டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டர். உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-இல் வந்தது. அதன் கீழ் வந்த 2014 விதிகளில் இந்தப் பணிக்கு எம்.எஸ்.டபிள்யூ. விரும்பத்தக்க தகுதிகளில் ஒன்று. மூளைச்சாவை ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து உறுதிசெய்வார்கள். அந்த இடைவெளியில் ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தோடு இருப்பது நம் வேலை. "தானம் பண்ணுங்க" என்று எடுத்த எடுப்பில் பேசுகிறவன் அந்த வேலைக்கு லாயக்கில்லை. நான் மூன்று வருடம் பார்த்துவிட்டு, தூக்கம் கெட்டுப்போய், வார்டுக்கே திரும்பிவிட்டேன்.

ஒரகடம் ஷிப்ட் (மே 19, காலை 6.15)

நைட் ஷிப்ட் முடித்து பஸ்ஸில் வரும்போது எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

சம்பளம்தான் முக்கியம் என்றால் ஹெச்.ஆர். ஸ்பெஷலைசேஷன் எடு, தங்கச்சி. எங்கள் பேட்சில் பாதிக்கு மேல் அதைத்தான் எடுத்தோம். முதல் செமஸ்டரில் எல்லாரும் சேரிக்கும் சிறைக்கும் போகப்போவதாகச் சொல்வார்கள், மூன்றாவது செமஸ்டரில் எல்லாரும் டை கட்டிக்கொண்டு இன்டர்வியூவுக்கு நிற்பார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

தொழிற்சாலைகள் சட்டம் 1948, பிரிவு 49. ஐந்நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஃபாக்டரியில் வெல்ஃபேர் ஆபீசர் (தொழிலாளர் நல அலுவலர்) கட்டாயம் என்று வைத்தது அதுதான். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் அதை 250 ஆக்கியிருக்கிறது. அதாவது வாசல் அகலமாகியிருக்கிறது. ஆனால் எல்லா எம்.எஸ்.டபிள்யூ.வும் அந்தப் பதவிக்குச் செல்லும் என்று நினைக்காதே. உன் பட்டமும் ஸ்பெஷலைசேஷனும் வெல்ஃபேர் ஆபீசர் தகுதிக்கு ஏற்கப்படுகிறதா என்று சேருவதற்கு முன்பே கல்லூரியில் கேட்டுவிடு. எனக்கு ஜூனியர் ஒருவன் கேட்காமல் சேர்ந்து, பிறகு தனியாக லேபர் டிப்ளமோ படித்தான்.

வேலை எப்படி இருக்கும் என்றால், ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு கேன்டீன் சாம்பாரில் பல்லி. முந்நூறு பேர் தட்டை வைத்துவிட்டு வெளியே உட்கார்ந்துவிட்டார்கள். லைன் நின்றுவிட்டது. பிளான்ட் ஹெட் போனில் கத்துகிறார். நான் போய் அவர்களோடு தரையில் உட்கார்ந்தேன். முதல் அரை மணி நேரம் பல்லியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பஸ் லேட்டாக வருவது, ஓ.டி. கணக்கு, ஹாஸ்டலில் தண்ணீர், இதுதான். எல்லாவற்றையும் எழுதினேன். விடியற்காலை ஐந்துக்கு லைன் ஓடியது. வகுப்பில் குரூப் ஒர்க் என்று நடத்தினார்களே, அது இதுதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

கரம்பை (மே 19, காலை 10.40)

லைன் ஓடியது, சரி. ஹாஸ்டலில் தண்ணீர் வந்ததா?

கோபத்தில் கேட்கவில்லை தோழர். ஆனால் ஹெச்.ஆரை எல்லாம் சமூகப் பணி என்று சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது. முதலாளி சம்பளத்தில் தொழிலாளி பக்கம் நிற்க முடியுமா?

ஒரகடம் ஷிப்ட் (மே 19, பகல் 1.05)

தூங்கி எழுந்துதான் பார்த்தேன். தண்ணீர் இருபது நாள் கழித்து வந்தது. பஸ் மாறியது. ஓ.டி. கணக்கு மாறவில்லை. அதை எழுதிக் கொடுத்ததற்கு எனக்கு அந்த வருடம் இன்கிரிமென்ட் குறைந்தது. நான் யார் பக்கம் என்று எனக்கே பல நாள் தெரிவதில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நாற்காலியில் நான் இல்லாவிட்டால் வேறொருவன் உட்காருவான், அவன் தரையில் உட்காரமாட்டான். உங்கள் தொண்டு நிறுவனக்காரர்கள் மட்டும் என்ன, வெளிநாட்டுக்காரன் பணத்தில் ஏழை பக்கம் நிற்கவில்லையா?

கரம்பை (மே 19, பகல் 2.30)

சரியான இடத்தில் குத்திவிட்டீர்கள். அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன், தங்கச்சிக்கு உபயோகப்படும்.

பதினோரு வருடம் தொண்டு நிறுவனத்தில் இருந்தேன். கம்யூனிட்டி டெவலப்மென்ட் எடுத்தவன். கிழக்குக் கடற்கரை ஓரம், உப்பளத் தொழிலாளர்கள், சுயஉதவிக் குழுக்கள், பிள்ளைகளுக்கு மாலை நேரப் பள்ளி. எங்களுக்குப் பணம் நேரடியாக வராது. பெரிய நிறுவனம் ஒன்று வெளிநாட்டு நிதி வாங்கி எங்களைப் போன்ற சின்னவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தினார்கள். வாங்கிய நிதியை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவு உச்சவரம்பு ஐம்பது சதவீதத்திலிருந்து இருபதுக்கு இறங்கியது. நிர்வாகச் செலவு என்றால் ஏசி அறை என்று வெளியே நினைப்பார்கள். எங்கள் கணக்கில் என் சம்பளத்தில் பெரும்பகுதியே அந்தத் தலைப்பில்தான் இருந்தது. அடுத்த மார்ச்சில் மாலைப் பள்ளி மூடினோம். பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று எந்த வகுப்பிலும் நடத்தவில்லை.

இப்போது ஒரு கம்பெனியின் சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) பிரிவில் இருக்கிறேன். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. ஒரு அளவுக்கு மேல் லாபம் பார்க்கும் கம்பெனி மூன்று வருட சராசரி லாபத்தில் இரண்டு சதவீதம் செலவழிக்க வேண்டும். சம்பளம் முன்பைவிட ரெண்டு மடங்கு. வேலை, முன்பைவிடப் பாதி. மீதிப் பாதி பவர்பாயின்ட். ஆகவே ஹெச்.ஆரைத் திட்ட எனக்கு அருகதை இல்லைதான், பழக்கதோஷம்.

இரவுப்பணி (மே 20, இரவு 12.20)

அரசுப் பக்கத்தை நான் சொல்கிறேன். ஒரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இருக்கிறேன். எந்த மாவட்டம் என்று கேட்காதீர்கள்.

"சமூகப்பணியாளர், ஆற்றுப்படுத்துநர், புறத்தொடர்புப் பணியாளர்" என்று தினசரியில் மாவட்ட ஆட்சியர் பெயரில் விளம்பரம் வரும், பார்த்திருப்பீர்கள். எல்லாம் தொகுப்பூதியம். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யா கணக்குப்படி மாதம் பாதுகாப்பு அலுவலருக்கு 27,804, சமூகப்பணியாளருக்கு 18,536, புறத்தொடர்புப் பணியாளருக்கு 10,592. பஞ்சப்படி, ஓய்வூதியம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு வருடமும் ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். இதற்கு மேலே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் பதவி. அதற்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்தியிருக்கிறது. நன்னடத்தை அலுவலர் பதவியும் தேர்வு வழிதான். கணிதம் படித்தவளுக்கு அந்தத் தேர்வுகளில் ஒரு கை கூடுதல், அதை மறக்காதே.

வேலையைப் பற்றி: குழந்தைகள் உதவி எண் 1098 தெரியும் இல்லையா? 1996-இல் மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் களச் செயல்திட்டமாக ஆரம்பித்தது. ஒரு சோஷியல் ஒர்க் பள்ளியில் முளைத்த யோசனை நாடு முழுக்க எண்ணாயிற்று. அந்த எண்ணில் போன சித்திரையில் ராத்திரி பத்தரைக்கு ஒரு போன். காலையில் ஒரு கோயிலில் கல்யாணம், பெண்ணுக்குப் பதினாறு.

போலீஸ், சமூகநலத் துறை, நாங்கள், எல்லாரும் போய் இறங்கினோம். கல்யாண வீட்டில் வாழைமரம் கட்டியாயிற்று. பெண்ணின் அம்மா ஆதாரைக் காட்டுகிறார், அதில் பதினெட்டு. எனக்கு வேண்டியது பள்ளி டி.சி. அதைத் தொலைத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். தலைமையாசிரியர் எழுந்து, பள்ளியைத் திறந்து, சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல ராத்திரி ஒன்றரை. பதினாறு வயது நாலு மாதம். பெண்ணோ என்னிடம் பேசவே இல்லை, கையில் மருதாணி ஈரமாக இருந்தது, தாவணியில் படாமல் தூக்கிப் பிடித்தபடியே வண்டியில் ஏறினாள். இருபத்துநாலு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். நிறுத்தினோம். மாப்பிள்ளை வீட்டார் என்னைச் சபித்ததை இங்கே எழுத முடியாது.

அந்தப் பெண் பிறகு பத்தாம் வகுப்பு எழுதினாள். எனக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம், நான் அவள் கல்யாணத்தை நிறுத்தியவள்தானே.

சும்மாசொல்றேன் (மே 20, காலை 8.50)

18,536-க்கு இந்தப் பாடா? அக்கா, தப்பாக நினைக்காதீர்கள், கேட்கிறேன்.

இரவுப்பணி (மே 20, காலை 9.15)

தப்பாக நினைக்கவில்லை தம்பி. மாதக் கடைசியில் நானும் அதையேதான் கேட்டுக்கொள்கிறேன்.

சாக்பீஸ் (மே 20, மாலை 4.45)

ஓய்வுபெற்ற பேராசிரியர். முப்பது வருடம் இந்தப் பாடம் நடத்தினேன். எல்லாரும் வேலையைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள், படிப்பைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

அம்மா தேன்சிட்டு, இந்தியாவில் இது 1936-இல் மும்பையில் தொடங்கிய படிப்பு, சர் தொராப்ஜி டாட்டா பெயரில். இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் அதுதான். சென்னையில் 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் முன்னின்று மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கைத் தொடங்கினார். இப்போது எழும்பூரில் இருக்கிறது. லயோலா, ஸ்டெல்லா மாரிஸ், தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி, திருச்சி பிஷப் ஹீபர், கோவை பி.எஸ்.ஜி., மதுரையில் சமூக அறிவியல் நிறுவனம், லேடி டோக் என்று பல இடங்களில் எம்.எஸ்.டபிள்யூ. இருக்கிறது. விருதுநகரிலிருந்து மதுரை கூப்பிடு தூரம், வீட்டிலும் அவ்வளவாக மறுக்கமாட்டார்கள்.

கல்லூரிக்குப் போனால் கட்டடத்தையும் பிளேஸ்மென்ட் பலகையையும் பார்க்காதே. களப்பணியைப் பற்றி மட்டும் கேள். வாரம் எத்தனை நாள்? பொதுவாக இரண்டு நாள், மீதி நாள் வகுப்பு. எந்தெந்த ஏஜென்சிக்கு அனுப்புகிறார்கள்? ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்? வாராவாரம் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து பேசுகிறார்களா, அல்லது சிவப்பு மையில் டிக் அடித்துத் திருப்பித் தருகிறார்களா? இதைச் சீனியர் மாணவரிடம் கேன்டீனில் கேட்க வேண்டும், துறைத் தலைவரிடம் கேட்டால் எல்லாம் பிரமாதம் என்பார். நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

ஏனென்றால் இந்தப் படிப்பில் கேஸ் ஒர்க், குரூப் ஒர்க், கம்யூனிட்டி ஆர்கனைசேஷன் என்று எத்தனை பேப்பர் இருந்தாலும் ஆளை உருவாக்குவது களம்தான். அது சரியாக நடக்காத கல்லூரியில் மாணவர் என்ன செய்வார் தெரியுமா? போன வருடச் சீனியரின் ரிப்போர்ட்டை வாங்கி ஊர்ப் பெயரை மட்டும் மாற்றுவார். ஒருமுறை மலைக்கிராமத்து ரூரல் கேம்ப் அறிக்கையில் மீனவப் பெண்கள் சங்கம் வந்தது. நான் சிரிக்கவில்லை, அந்த மாணவனைத் திரும்ப அந்த ஊருக்கே பத்து நாள் அனுப்பினேன். இப்போது அவன் நல்ல பதவியில் இருக்கிறான், அதனால் ஊர் பெயர் சொல்லமாட்டேன்.

மனநலப் பக்கம் ஆசை இருந்தால் ஒன்று தெரிந்துகொள். எம்.எஸ்.டபிள்யூ. மட்டும் முடித்தவரை மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 "மனநல சமூகப் பணியாளர்" என்று ஏற்பதில்லை. அதற்கு மேல் இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். கேட்கிறது, கண்காணிப்போடு கூடிய மருத்துவமனைப் பயிற்சி உட்பட. பெங்களூரு நிம்ஹான்ஸ்தான் அதற்குப் பெயர்போன இடம். மற்ற பாடங்களில் எம்.ஃபில்லை நிறுத்திய யு.ஜி.சி., இதற்கும் கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மட்டும் 2025-26 வரை நீட்டிப்பு கொடுத்தது. நீ முடிக்கும்போது அந்தப் பயிற்சி எந்தப் பெயரில் இருக்கிறது என்று அப்போது பார்த்துக்கொள்.

கற்பிக்க ஆசை என்றால் நெட், செட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகள்). அதில் சோஷியல் ஒர்க் தனிப் பாடம். அப்பாவிடம் சொல், இதிலும் டீச்சர் ஆகலாம்.

மழைநகரம் (மே 21, அதிகாலை 3.30)

இங்கிலாந்திலிருந்து. திருச்சியில் எம்.எஸ்.டபிள்யூ. படித்தேன், ஒன்பது வருடமாக இங்கே சோஷியல் ஒர்க்கர்.

ஊரில் யார் வேண்டுமானாலும் தன்னைச் சமூக சேவகர் என்று போஸ்டர் அடித்துக்கொள்ளலாம். டாக்டருக்கும் வக்கீலுக்கும் இருப்பது போல நமக்கென்று தனி கவுன்சில் இல்லை. (2021-இல் வந்த துணை மருத்துவப் பணிகள் சட்டத்தில் மருத்துவ, மனநல சமூகப் பணியாளரைச் சேர்த்திருக்கிறார்கள். மற்றவர்கள் இன்னும் வெளியேதான்.) இங்கே பதிவு இல்லாமல் சோஷியல் ஒர்க்கர் என்று பெயர் போட்டுக்கொள்வது குற்றம். இங்கிலாந்தில் 2005 முதல் அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. 2019 டிசம்பரிலிருந்து பதிவைப் பார்த்துக்கொள்வது சோஷியல் ஒர்க் இங்கிலாந்து என்ற அமைப்பு.

தங்கச்சிக்கு ஒரே ஒரு அறிவுரை. வெளிநாட்டு நினைப்பு இப்போது இல்லாவிட்டாலும், களப்பணி மணிக்கணக்கை முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி, செமஸ்டர் முடிவில் கல்லூரி முத்திரையோடு வாங்கி வை. பதிவுக்கு விண்ணப்பித்தபோது என்னிடம் கேட்டது மார்க் இல்லை. எத்தனை மணி நேரம், எங்கே, யார் கண்காணிப்பில், என்ன செய்தாய் என்பதுதான். நான் களப்பணி செய்த அமைப்பு மூடியே ஆறு வருடம் ஆகியிருந்தது. மேற்பார்வையாளரைத் தேடிப் பிடித்தபோது அவர் மளிகைக்கடை வைத்திருந்தார். கடை கல்லாவில் உட்கார்ந்துதான் எனக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

சம்பளம் நல்ல சம்பளம்தான். ஆனால் ஒரு குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதா வேண்டாமா என்ற வழக்கு இங்கே 26 வாரத்துக்குள் முடிய வேண்டும். அதில் என் அறிக்கையைத்தான் நீதிமன்றம் முதலில் படிக்கும். மழை பெய்யும் ஒரு திங்கட்கிழமை, கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் தாயின் முகம் மாறும் பாருங்கள். அதற்கு எந்த ஊரிலும் பயிற்சி இல்லை.

தேன்சிட்டு (மே 21, இரவு 8.20)

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. அப்பாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். கொத்தனார் கதையில் மட்டும் ஒரு "ம்" சொன்னார். கடைசியில் ஒரே கேள்விதான் கேட்டார்: "ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும்?"

என் கேள்வி வேறு. நான் சின்ன விஷயத்துக்கே அழுதுவிடுவேன். இரவுப்பணி அக்கா எழுதியதைப் படித்தும் அழுதேன். அப்படிப்பட்டவள் இதற்கு வரலாமா?

இரவுப்பணி (மே 21, இரவு 10.50)

அப்பாவுக்கு: என் வேலையில் நேரம் சொல்ல முடியாது ஐயா. மருத்துவமனையில் பெரும்பாலும் ஐந்து, ஆறு மணி. களப்பணி நாட்களில் மாணவிகள் பொதுவாக மாலைக்குள் திரும்பிவிடுவார்கள். தனியாக அனுப்பாமல் ஜோடியாக அனுப்பும் கல்லூரியா என்று கேளுங்கள், கேட்க வேண்டிய கேள்விதான்.

உனக்கு: அழலாம். முன்னால் உட்கார்ந்திருப்பவர் உன்னைத் தேற்ற ஆரம்பித்துவிடக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. எங்கள் அலுவலகத்தில் ரெக்கார்ட் ரூம் ஒன்று இருக்கிறது. ஃபைல் எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எல்லாரும் ஒரு முறையாவது போயிருக்கிறோம்.

வார்டு மணி (மே 22, காலை 7.00)

அழுகையே வராதவர்களைத்தான் நான் பயத்தோடு பார்ப்பேன். சும்மாசொல்றேன் தம்பி சொன்னதையும் தள்ளிவிடாதே. வீட்டில் நீதான் சம்பாதிக்க வேண்டும், தம்பி தங்கை படிக்க வேண்டும் என்ற நிலைமையாக இருந்தால் முதல் மூன்று வருடச் சம்பளம் நிஜமாகவே கடிக்கும். என் முதல் சம்பளத்தில் பாதி பஸ்ஸுக்கும் ஹாஸ்டலுக்கும் போனது. ஸ்பெஷலைசேஷனை இப்போதே முடிவு செய்ய வேண்டாம். பல கல்லூரிகளில் முதல் வருடம் எல்லாருக்கும் ஒரே பாடம்தான், இரண்டாம் வருடம்தான் பிரிப்பார்கள். முதல் வருடக் களத்தில் எங்கே நின்றபோது கடிகாரம் பார்க்க மறந்தாய் என்று பார், அதுதான் உனக்கு.

தேன்சிட்டு (ஆகஸ்ட் 9, இரவு 9.45)

இழையை மேலே இழுத்ததற்கு மன்னிக்கவும். மதுரையில் சேர்ந்துவிட்டேன். கணிதத்துக்கு மார்க் நன்றாக வந்ததால் அப்பாவுக்கு இன்னும் மனம் ஆறவில்லை. பி.எட். விண்ணப்பம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது, "அடுத்த வருஷமும் தேதி வரும்" என்கிறார். ஆனால் களப்பணி நாளில் காலை ஐந்தரைக்கு எழுப்பி வண்டியில் பஸ் ஸ்டாண்டில் விடுகிறார்.

போன வாரம் முதல் களப்பணி. ஒரு முதியோர் இல்லம். என்னோடு இன்னொரு மாணவி. ஒரு பாட்டியிடம் போய், வகுப்பில் சொன்னபடி என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, "உங்களைப் பத்திச் சொல்லுங்க பாட்டி" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீ முதல்ல உக்காரு, நின்னுக்கிட்டு என்ன கேள்வி" என்றார். உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. பாக்கு இடித்துக்கொண்டிருந்தார். நாற்பது நிமிடம். கிளம்பும்போது "அடுத்து என்னைக்கு வருவே?" என்று கேட்டார்.

நாளைக்கு ரிப்போர்ட் வைக்க வேண்டும். "பாட்டி மிகவும் சோகமாகவும் தனிமையாகவும் இருந்தார்" என்று ஆரம்பித்திருக்கிறேன். மீதிப் பக்கம் எதை எழுதுவது? ஒன்றுமே நடக்கவில்லையே.

சாக்பீஸ் (ஆகஸ்ட் 9, இரவு 10.05)

முதல் வரியை அடி. அவர் சோகம் என்று உனக்கு யார் சொன்னது? பாக்கு இடித்ததை எழுது. உன்னை உட்காரச் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுது. நாற்பது நிமிடம் நீ ஏன் பேசவில்லை என்று ஒரு பாரா எழுது, அதில் பொய் வேண்டாம். கடைசியில் அவர் கேட்ட கேள்வியையும் அதற்கு நீ சொன்ன பதிலையும் எழுது.

தேன்சிட்டு (ஆகஸ்ட் 9, இரவு 10.11)

சனிக்கிழமை என்று சொன்னேன் சார். இப்போதுதான் பார்க்கிறேன், சனி அரசு விடுமுறை.

வார்டு மணி (ஆகஸ்ட் 9, இரவு 10.14)

காலையில் முதல் வேலையாக இல்லத்துக்குப் போன் பண்ணு தங்கச்சி. வார்டன் வழியாகப் பாட்டியிடம் சொல்லச் சொல். சொல்லிவிட்டார்களா என்று மதியம் திரும்பவும் கேள்.